கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் காவல் முடிந்துவிடுமா?

சென்ற வாரம் பண்ருட்டிப் பக்கமிருந்து இன்னொரு குடும்பம் வந்தது. பெண்ணுக்கு இருபது வயதுக்கு மேல். அறிவுசார் குறைபாடு உண்டு. அம்மாவும் தாய்மாமாவும் பெரியப்பாவும் மாறி மாறிப் பேசினார்கள். "கர்ப்பப்பையை எடுத்துவிடுங்கள் டாக்டர். நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்?" கடலூரில் மகப்பேறு மருத்துவம் பார்க்கும் எனக்கு இந்த வசனம் மனப்பாடம். ஒவ்வொரு குடும்பத்திடமும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய்தான் எழுதுகிறேன்.

அந்த "ஏதாவது" என்ன என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நானே சொல்கிறேன்: யாராவது அவளைக் கெடுத்துவிடுவான் என்ற பயம். நியாயமான பயம்தான். ஆனால் என் கத்தி எந்த ஆணின் கையைத் தடுக்கும்? கர்ப்பப்பை இல்லாத பெண்ணிடமும் அவன் வருவான். இன்னும் துணிந்து வருவான். இத்தகைய பெண்களிடம் அத்துமீறுபவன் பெரும்பாலும் தெரிந்தவனே. உறவினன், பக்கத்து வீட்டுக்காரன், வண்டியில் அழைத்துப்போகிறவன். அறுவை சிகிச்சை நடந்த செய்தி அவன் காதுக்கு எட்டாமல் இருக்காது. நடந்ததைச் சொல்லத் தெரியாத பெண்ணுக்கு என்ன நேர்ந்தது என்பது பல வீடுகளில் மாதவிலக்கு தள்ளிப்போன பிறகுதான் வெளியே வருகிறது. அந்த ஒரு தடயத்தையும் வெட்டி எறியச் சொல்கிறீர்கள். திருட்டுக்குப் பயந்து, கதவைப் பூட்டாமல் கணக்குப் புத்தகத்தைக் கிழித்துப் போடுவதற்குச் சமம் இது. நீங்கள் தடுக்க நினைப்பது வன்முறையையா, வயிறு தெரிவதையா?

அடுத்த காரணம், "மாதாமாதம் சமாளிக்க முடியவில்லை." தாயின் களைப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் பல் துலக்கவும் தட்டு கழுவவும் கற்றுக்கொண்டவள் நாப்கின் மாற்றவும் கற்பாள். படம் ஒட்டிய நாட்காட்டியும் பொறுமையும் வேண்டும், அவ்வளவுதான். உண்மையிலேயே முடியாதவர்களுக்கு மாத்திரை இருக்கிறது, ஊசி இருக்கிறது, கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம் இருக்கிறது. எதற்கும் பக்கவிளைவு உண்டு, பேசி முடிவெடுப்போம்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 10: மாற்றுத்திறனாளி ஒருவரை அவரது சுதந்திரமான, விவரமறிந்த ஒப்புதல் இல்லாமல் மலடாக்கும் சிகிச்சைக்கு உட்படுத்தக் கூடாது. ஒப்புதல் அவருடையது, தாய்மாமாவின் கையெழுத்து அல்ல. 2009இல் சண்டிகரின் அரசுக் காப்பகம் ஒன்றில் பாலியல் வன்முறையால் கருவுற்ற பெண்ணுக்குக் கருக்கலைப்பு செய்ய உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அவளுக்கு இலேசான அறிவுசார் குறைபாடு. குழந்தை வேண்டும் என்றாள். உச்ச நீதிமன்றம் அவள் பக்கம் நின்றது.

அந்தப் பெரியப்பா படித்தவர். "இவர்களெல்லாம் பிள்ளை பெறக் கூடாது என்று அரசே சட்டம் போட வேண்டும்" என்றார். ஐயா, போட்டுப் பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம் 1924இல் போட்டது. 1927இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அதை ஏற்றது. "மந்தபுத்தி" என்று முத்திரை குத்தப்பட்டு முதலில் கருத்தடை செய்யப்பட்டவர் கேரி பக். வளர்ப்புத் தாயின் உறவினன் ஒருவன் வன்புணர்ந்ததால் கருவுற்றவர் அவர். அதை மறைக்கத்தான் காப்பகத்துக்கு அனுப்பினார்கள். உண்மையில் அவருக்கு மந்தபுத்தி இல்லை. பிறந்த மகளோ பள்ளியில் நன்றாகப் படித்தவர்களின் பட்டியலில் இடம்பெற்றவள். 1933இல் ஜெர்மனியும் இப்படியொரு சட்டம் போட்டது. சுமார் 4 லட்சம் பேர் மலடாக்கப்பட்டார்கள். நம் நாட்டில் நெருக்கடி நிலையின்போது கருத்தடை முகாமுக்கு இழுத்துச் செல்லப்பட்டவர்களில் எத்தனை பணக்காரர்களைப் பார்த்தீர்கள்? யார் பெற்றோராகலாம் என்று பட்டியல் போடும் கை எப்போதும் எதிர்த்துப் பேச முடியாதவர்களின் பெயரைத்தான் முதலில் எழுதும்.

"பரம்பரையாக வந்துவிடுமே" என்கிறார்கள். சிலவற்றில் வரும். ஆனால் பிரசவத்தில் மூச்சுத் திணறியதாலோ, பிறந்தபின் கவனிக்காமல் விட்ட மஞ்சள் காமாலையாலோ வந்த குறைபாடு எப்படிப் பரம்பரையாகும்? இதைச் சொல்பவர்களே அக்காள் மகளைக் கட்டியவர்களாக இருப்பதும் உண்டு. அதற்குச் சட்டம் கேட்டு யாரும் என்னிடம் வந்ததில்லை.

சமூகம் தலையிடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. குழந்தை பிறந்த பிறகு அதை அடித்தால், பட்டினி போட்டால், தலையிடத்தான் வேண்டும். அதற்குக் குழந்தைகள் நலக் குழு இருக்கிறது, குழந்தைகளுக்கான உதவி எண் 1098 இருக்கிறது. அங்கே பார்க்க வேண்டியது பெற்றவர்களின் நடத்தையை, அவர்களின் மூளை அளவையோ சம்பளத்தையோ அல்ல. உதவி செய்தால் நன்றாக வளர்க்கக்கூடிய தாய்மார்களை எனக்குத் தெரியும். எல்லாம் படித்து, எல்லாம் இருந்து, பெல்ட்டால் அடிக்கும் அப்பாக்களையும் தெரியும்.

இனி, வீட்டில் செய்ய வேண்டியவை. உடலுறுப்புகளின் பெயரைக் கூச்சப்படாமல் சொல்லிக்கொடுங்கள். "வேண்டாம்" என்று கத்தக் கற்றுக்கொடுங்கள். மாமா முத்தம் கேட்டால்கூட அவள் மறுக்கலாம், திட்டாதீர்கள். குளியலறைக் கதவைச் சாத்தப் பழக்குங்கள். அவளை யார் எங்கே அழைத்துப்போகிறார்கள் என்று கவனியுங்கள். மாதவிலக்குத் தேதியைக் குறித்து வையுங்கள். திடீரென்று ஒருவரைக் கண்டு ஒதுங்கினால், "அவளுக்கு என்ன தெரியும்" என்று விடாதீர்கள். கல்யாணம் செய்தால் சரியாகிவிடும் என்று உண்மையை மறைத்து யார் தலையிலும் கட்டாதீர்கள். அவள் விருப்பத்தைக் கேட்காமல் கட்டிவைப்பதும் தவறே.

எதுவும் நடந்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால், தயவுசெய்து, அவளைக் குளிப்பாட்டாதீர்கள், துணியைத் துவைக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். கருத்தரிப்பைத் தடுக்கவும் எச்ஐவி தொற்றாமல் காக்கவும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். பெண்களுக்கான உதவி எண் 181ஐ அழையுங்கள். அரசு, தனியார் எந்த மருத்துவமனையும் முதல் சிகிச்சையை இலவசமாகக் கொடுத்தே ஆக வேண்டும். போலீஸில் புகார் கொடுத்துவிட்டு வா என்று யாராவது திருப்பி அனுப்பினால், சட்டப்படி அது அவர்கள் செய்யும் குற்றம்.