355 என்று விடை வந்தால் என்ன அர்த்தம்?

402-இல் 157 போக மீதி 245. சரியாகப் போட்ட பிள்ளையைப் பற்றி இந்தக் கணக்கு நமக்குப் பெரிதாக எதையும் சொல்லாது. 355 என்று போட்டவள் ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறாள். மேலே எது, கீழே எது என்று பார்க்கவில்லை. 255 போட்டவளுக்குக் கடன் வாங்கத் தெரியும். பூஜ்யத்தைப் பத்தாக்கினாள், அதில் ஒன்றை ஒன்றுகளுக்குக் கொடுத்ததை மறந்துவிட்டாள். 345 என்றால் பூஜ்யம் 9 ஆகிவிட்டது, நூறுகளில் உள்ள 4 மட்டும் குறையவில்லை.

வகுப்பறைத் தொழில்நுட்பம் பயன்படுவது இந்த இடத்தில்தான். நோட்டுக் கட்டைத் திருத்தி முடிப்பதற்குள் அடுத்த பாடம் வந்துவிடும். இந்த நான்கு எண்களையும் ஏ, பி, சி, டி என்று கொடுத்தால், யார் எங்கே சறுக்கினார்கள் என்று அதே பாடவேளையில் தெரியும். தப்பு விடைகளை வாய்க்கு வந்தபடி வைத்தால் எந்தச் செயலியாலும் பிரயோஜனம் இல்லை.

இதற்குப் பிள்ளைகள் கையில் கருவி வேண்டாம். பிளிக்கர்ஸ் என்ற செயலி ஏற்றிய ஆசிரியரின் செல்போனும், அதற்கென அச்சடித்த அட்டைகளும், நெட்டும் போதும். அட்டை ஒவ்வொன்றிலும் ஓர் எண்ணும், கறுப்புக் கட்டக் குறியும், நான்கு பக்கமும் நான்கு எழுத்தும் இருக்கும். தன் விடையின் எழுத்து மேலே வரும்படி பிள்ளை அட்டையைப் பிடிக்க, கேமராவை வகுப்பின் மேல் மெதுவாக ஓட்ட வேண்டும். ஆளுக்கொரு குறி என்பதால் பக்கத்து அட்டையைப் பார்த்தாலும் விடை பிடிபடாது.

சிக்கல் வருவது சின்ன விஷயங்களில். கறுப்புக் கட்டத்தின் மேல் விரல் பட்டால் கேமரா வாசிக்காது. பளபளப்பான லேமினேஷன் ஜன்னல் வெளிச்சத்தில் மின்னும். பழைய நோட்டு அட்டையில் ஒட்டுவது மேல். வள்ளியூர், பணகுடிப் பக்கம் ஆடிக் காற்றில் வெறும் தாள் நிற்காது என்பதற்கும் அதுவே வழி. காசு மிச்சம் என்று சின்னதாக அச்சடித்தால் கடைசி பெஞ்சு விட்டுப்போகும். ஏ4 தாளுக்கு இரண்டு அட்டை சரியான அளவு.

முடிவு வந்த பிறகு என்ன செய்வது? ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூரின் முறையில் ஓர் எளிய கணக்கு உண்டு. சரியான விடை 30 சதவீதத்துக்குக் கீழே என்றால் பாடத்தை வேறு விதமாக மறுபடி நடத்த வேண்டும். 30-க்கும் 70-க்கும் இடையில் என்றால், விடையைச் சொல்லாமல் பிள்ளைகளைத் தங்களுக்குள் பேசவிட்டு மறுபடி அட்டையைத் தூக்கச் சொல்ல வேண்டும். அதற்கு மேலே என்றால் சுருக்கமாக விளக்கிவிட்டு நகரலாம். நான்கு விடையில் குத்துமதிப்பாகச் சொன்னாலே கால்வாசி சரியாகிவிடும் என்பதால், அதே வகையில் இன்னொரு கணக்கும் கேட்பது நல்லது.

255, 345 போட்டவர்களுக்கு விளையாட்டு ரூபாய் போதும். நாலு நூறு ரூபாய்த் தாள், இரண்டு ஒரு ரூபாய் நாணயம். 157 ரூபாய் கொடு என்றால் சில்லறை மாற்றித்தான் ஆக வேண்டும். நூறு பத்துப் பத்தாகி, அதில் ஒரு பத்து ஒற்றை ரூபாய்களாவதைக் கை பார்த்துவிடும். 355 போட்டவர்களுக்கு இதை அதற்குள் கொடுக்க வேண்டாம். முதலில் ஈர்க்குச்சிக் கட்டுகளை வைத்து 32-இல் 17 போகட்டும்.

ஹைடெக் லேப் என்ற கணினி அறை உள்ள பள்ளிகளில், இணையத்தில் கேள்வி கொடுத்து விடை வாங்கும் கூகுள் ஃபார்ம்ஸ் சுலபம்தான். ஆனால் பாமினி எழுத்துருவில் அடித்த கேள்வித்தாளை அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும். யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். பாபநாசத்தில் மலையிறங்கும் ஆறு எது என்று எழுதவிட்டால் ஒருத்தி தாமிரபரணி என்பாள், ஒருத்தி தாமிரவருணி, இன்னொருத்தி பொருநை. நாம் பதிந்து வைத்த சொல்லைத் தவிர மற்றதெல்லாம் தப்பு என்று பூஜ்யம் விழும். மூன்றையும் சரியான விடையாகச் சேர்க்க வேண்டும்.

வாட்ஸ்அப்பில் அனுப்பும் வீட்டுப்பாடத்துக்கு மதிப்பெண் போடாதீர்கள். முக்கூடல் பக்கம் அம்மா பீடித் தட்டை இறக்கிவைத்து, அப்பா வேலை முடிந்து போனோடு வந்த பிறகுதான் பிள்ளைக்கு அது கிடைக்கும். பல நேரம் விடை அக்காவுடையது. மறுநாள் 503-இல் 268 போக எவ்வளவு என்று போர்டில் எழுதி, "எப்படில போட்ட, சொல்லு" என்று கேட்டால் யார் போட்டது என்று தெரிந்துவிடும்.