டெங்குப் புரதம் செய்யப் பற்றீரியாவை எப்படி வளர்ப்பது?

கார்த்திகை மழை பிடித்து நுளம்பு பெருகிவிட்டால், யாழ்ப்பாணத்தில் காய்ச்சல்காரரிடம் கேட்கிற முதல் கேள்வி "இரத்தம் சோதிச்சதோ?" என்பதுதான். முதல் சில நாட்களில் அந்தச் சோதனை தேடுவது, டெங்கு தொற்றிய கலங்கள் இரத்தத்தில் விடுகிற என்எஸ்1 என்ற வைரஸ் புரதத்தை. பிந்திச் செய்கிற சோதனை நம் உடல் உருவாக்கிய பிறபொருளெதிரிகளைத் தேடும், அவற்றைப் பிடித்துக் காட்டவும் வைரஸின் புரதம் கையில் வேண்டும். இதற்காக உயிருள்ள வைரஸை வளர்க்கத் தேவையில்லை. அந்தப் புரதத்துக்கான மரபணுவை மட்டும் ஈ.கோலை பற்றீரியாவுக்குள் வைத்தால், பல புரதங்களை அது செய்து தரும். சீனாவில் 2011இல் அனுமதி பெற்ற ஹெப்படைட்டிஸ் ஈ தடுப்பூசியின் புரதமும் ஈ.கோலையில் செய்ததுதான்.

பலரும் பயன்படுத்துவது பிஎல்21 என்ற ஈ.கோலை வகை. புரதத்தை வெட்டுகிற லோன், ஓம்ப்டி ஆகிய இரண்டு நொதியங்களும் அதில் இல்லை, அதனால் செய்த புரதம் அவ்வளவாகச் சிதையாது. 37 பாகை செல்சியஸில், சத்தான ஊடகத்தில், ஏறத்தாழ 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். பற்றீரியா பெருகப் பெருக ஊடகம் கலங்கும், ஒளியைச் செலுத்தி அளக்கிற அந்தக் கலங்கல் (ஓடி600) 0.6 அளவுக்கு வந்ததும் ஐபிடிஜி என்ற பொருளைச் சேர்ப்பார்கள், அதுதான் மரபணுவை வேலை செய்யவைக்கிற சைகை.

சிக்கல் தொடங்குவதும் அங்கேதான். 37 பாகையிலேயே விட்டு, ஐபிடிஜியையும் தாராளமாக ஊற்றினால் புரதம் குவியும், ஆனால் ஒடியல் மாவை அவசரமாகக் கொட்டின கூழ் மாதிரி, சரியாக மடிய நேரமில்லாமல் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். கட்டிக்குள் கிடக்கிற புரதத்துக்கு இயல்பான வடிவம் இல்லை, நோயாளியின் பிறபொருளெதிரி அதை அடையாளம் காணாமல் போகலாம். அதனால் ஐபிடிஜி சேர்க்கமுதலே வெப்பத்தை 16 முதல் 20 பாகைக்கு இறக்கி, 0.1 மில்லிமோலர் அளவில் சேர்த்து, இரவு முழுக்க விடுவார்கள். உற்பத்தி மெதுவாகும், மடிய நேரம் கிடைக்கும். என்னைக் கேட்டால், மாற்றிப் பார்க்கவேண்டிய முதல் விஷயம் வெப்பம்தான், மற்றதெல்லாம் அப்புறம்.

இங்கே நம் ஊர் வெக்கை குறுக்கே வரும். சாதாரண அடைகாப்பானால் சூடாக்கத்தான் முடியும், அறையே 30 பாகையில் இருக்கும்போது 18க்கு இறக்க முடியாது. குளிரூட்டும் வசதியுள்ள குலுக்கி வேண்டும். அது இல்லாத ஆய்வுகூடத்தில் 30 பாகையில், குறைந்த ஐபிடிஜியுடன், சில மணி நேரத்தோடு நிறுத்திப் பார்ப்பது நல்லது. குடுவையை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பவும் கூடாது, ஒட்சிசன் போதாமல் போனால் அசற்றேற்று என்ற கழிவு சேர்ந்து வளர்ச்சியே படுத்துவிடும்.

சரி, எது நல்ல நிலைமை என்று எப்படித் தெரியும்? கலங்களை உடைத்து, மையநீக்கியில் சுழற்றி, மேலே தெளிந்ததையும் அடியில் படிந்ததையும் புரதங்களை அளவுப்படி பட்டைகளாகப் பிரித்துக் காட்டுகிற ஜெல்லில் தனித்தனியாக ஓட்டவேண்டும். மொத்தக் கலங்களை ஓட்டிவிட்டுப் பட்டை தடிப்பாக இருக்கிறது என்று சந்தோஷப்படுவதில் பயனில்லை, தெளிந்த பகுதியில் இருப்பதுதான் கணக்கு.

அடியில் படிந்ததும் எப்போதும் வீண் இல்லை. டெங்கு வைரஸின் வெளியுறையில் இருக்கிற உறைப்புரதத்தின் மூன்றாம் பகுதி சிறியது, மடிந்த வடிவத்தைப் பிடித்துவைக்கிற இருசல்பைட்டுப் பிணைப்பு அதில் ஒரேயொன்றுதான், அதை யூரியாவில் கரைத்துத் திரும்ப மடியவைக்கலாம். என்எஸ்1இல் அப்படி ஆறு பிணைப்புகள், போதாததற்கு வெல்லச் சங்கிலிகளும் ஒட்டியிருக்கும், அவற்றை ஈ.கோலையால் ஒட்டமுடியாது. எவ்வளவுதான் வெப்பத்தை இறக்கினாலும் தீராத குறை அது, அதனால்தான் இயல்பான வடிவத்தில் என்எஸ்1 வேண்டுமென்பவர்கள் பாலூட்டிக் கலங்களுக்குப் போகிறார்கள்.