எண்ணெய் குடித்த மண்ணில் நைட்ரஜன் பஞ்சம்

பினாங்குத் தீவிலும் அக்கரையில் பிறை, பட்டர்வொர்த் பக்கமும் வாகனப் பட்டறையை ஒட்டிக் கீரைப்பாத்தி வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். கழிவு எண்ணெய் கசிந்த ஓரத்தில் செடி உடனே சாவதில்லை. அடியிலைகள் முதலில் மஞ்சளாகின்றன; பிறகு வளர்ச்சி நின்றுவிடுகிறது. எண்ணெயின் நச்சு ஒரு காரணம். அதிகம் பேசப்படாத இன்னொரு காரணம் நைட்ரஜன் பஞ்சம்.

எஞ்சின் எண்ணெயின் எடையில் ஏறத்தாழ 85 விழுக்காடு கார்பன். நைட்ரஜன் அநேகமாக இல்லை. சூடோமோனாஸ், ரோடோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் அந்தக் கார்பனைத் தின்று பெருகுகின்றன. பெருகுவதற்குப் புரதம் வேண்டும், புரதத்துக்கு நைட்ரஜன் வேண்டும். எனவே செடி நைட்ரஜனுக்கு நம்பியிருக்கும் அம்மோனியத்தையும் நைட்ரேட்டையும் வேருக்கு முன்பாகவே இவை உறிஞ்சிவிடுகின்றன.

இதைவிட எனக்குக் கவலை தருவது நைட்ரோசோமோனாஸ் போன்றவற்றின் நிலை. அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுபவை இவை. அதை நைட்ரேட்டாக்குவது நைட்ரோபாக்டர் போன்றவற்றின் வேலை. எண்ணெயிலிருந்து இவற்றுக்கு உணவு கிடைக்காது. இயல்பிலேயே மெதுவாகப் பெருகுபவை. அம்மோனியாவைப் பிடிக்க வேண்டிய நொதியில் சில ஹைட்ரோகார்பன்கள் போய் ஒட்டிக்கொள்வதால் வேலையும் தடைபடுகிறது. போதாததற்கு, எண்ணெய் தின்னும் கூட்டம் ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகிறது. காற்றில்லாத மண்ணில் வேறு பாக்டீரியாக்கள் எஞ்சிய நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாகவும் நைட்ரஸ் ஆக்சைடாகவும் வெளியேற்றுகின்றன. நைட்ரஸ் ஆக்சைடு நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல் சுமார் 273 மடங்கு புவியைச் சூடாக்கும்.

1989இல் எக்ஸான் வால்டெஸ் கப்பல் அலாஸ்காவில் எண்ணெயைக் கொட்டியபோது, கரைகளில் நைட்ரஜன், பாஸ்பரஸ் உரம் இட்டார்கள். எண்ணெய் சிதைவது விரைவுபட்டது. நூறு பங்கு கார்பனுக்குப் பத்துப் பங்கு நைட்ரஜன் என்பது பொதுவான கணக்கு. நான்கு லிட்டர் எண்ணெயில் சுமார் 3 கிலோ கார்பன். அதற்கு 300 கிராம் நைட்ரஜன், அதாவது ஏறத்தாழ 650 கிராம் யூரியா தேவை. அந்த யூரியா முழுவதையும் ஒரே நாளில் கொட்டினால் அம்மோனியா பெருகி நுண்ணுயிர்களையே அழிக்கும். சிறிது சிறிதாக இட்டு, காற்றுப் புக மண்ணைக் கிளறிவிட வேண்டும். பினாங்கின் வெப்பம் இந்த வேலைக்குத் துணை. கொட்டும் மழையோ நைட்ரேட்டை அரித்துச் செல்லும்.

எண்ணெய் சிதைந்தாலும் கழிவு எண்ணெயோடு வந்த ஈயமும் துத்தநாகமும் சிதைவதில்லை. மலேசியாவின் 2005ஆம் ஆண்டு விதிமுறைகள் கழிவு மசகெண்ணெயை எஸ்டபிள்யூ 305 என்ற எண்ணுள்ள அட்டவணைக் கழிவாக வகைப்படுத்தியிருக்கின்றன. அதைக் கண்ட இடத்தில் கொட்டக்கூடாது. ஏற்கெனவே நனைந்துபோன பாத்தியில் செடி மறுபடி பச்சையானாலும், மண்ணைச் சோதிக்காமல் கீரை பறித்துச் சமைக்காதீர்கள். அதுவரை அங்கே செம்பருத்தி வளரட்டும்.