பட்டம் வாங்குவதற்கு முன் படைப்பை வெளியே எடுங்கள்

இந்த மாதமும் ஒரு பழைய மாணவி வந்து அழுதுவிட்டுப் போனாள். ஆண்டுதோறும் இப்படி யாராவது வருவதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

கோலாலம்பூரில் மின்னணுக் கலை கற்பிக்கிறேன். அவளுடைய இறுதியாண்டுப் படைப்பு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சுவரில் ரப்பர்த் தோட்ட லயத்தின், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையின் படம். ஆர்டுவினோ என்ற சிறு மின்சுற்றுப் பலகையில் இணைத்த சென்சார், பார்ப்பவர் நிற்கும் தூரத்தை அளக்கும். அவர் நெருங்க நெருங்க, ஒவ்வொரு வீட்டின் கதையும் அவள் பாட்டியின் குரலில் ஒலிக்கும். இப்போது ஒரு காட்சிக்கூடம் அதைக் கேட்கிறது. அவள் கையில் இருப்பதோ தோழி புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) அனுப்பிய, மங்கலான சிறு காணொளி மட்டும். “எல்லாம் டிரைவ்லதானே இருந்துச்சு, டாக்டர்?” என்கிறாள். இணையத்தில் கோப்புகளை வைக்கும் அந்த கூகுள் டிரைவ் பல்கலைக்கழக மின்னஞ்சலோடு வந்தது. படிப்பு முடிந்ததும் கணக்கை மூடிவிட்டார்கள்.

‘டிரைவ்ல இருக்கு’ என்ற பேச்சைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. டிரைவ் என்பது வேறொருவருடைய கணினி. விதியைப் போடுவதும் அவர்கள்தான், மாற்றுவதும் அவர்கள்தான். கல்வி நிறுவனங்களுக்கு அளவில்லாமல் இடம் கொடுத்துவந்த கூகுள், 2022இல் அதை நிறுத்தி, நிறுவனம் முழுவதற்கும் பொதுவாக 100 டெராபைட் என்று வரம்பு வைத்தது. சொந்த ஜிமெயில் என்றாலும், 2 ஆண்டு தொடாமல் கிடந்தால் நீக்கப்படலாம். பலரும் சொந்தப் பக்கம் வைத்திருந்த ஜியோசிட்டிஸ் இணையதளம் 2009இல் மூடப்பட்டது. மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளம் சர்வர் மாற்றியபோது 2015 வரை ஏற்றப்பட்டிருந்த பாடல்கள் போய்விட்டன. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: மடிக்கணினியோடு ‘சிங்க்’ ஆகும் கோப்பு தனிப் பிரதி ஆகாது. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும்.

சரி, கோப்பு பத்திரமாக இருக்கிறது. அது ஓடுமா? இணையத்தில் அசைபடங்களையும் விளையாட்டுகளையும் ஓட்டிய ஃபிளாஷ் மென்பொருளுக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிந்தது. மறு மாதமே ஃபிளாஷ் பிளேயர் கோப்புகளைத் திறக்க மறுத்தது. ஒரு தலைமுறையின் ஊடாட்டக் கலை அதில் சிக்கிக்கொண்டது. ரஃபிள் என்ற எமுலேட்டர், அதாவது பழைய மென்பொருள்போல நடந்துகொள்ளும் நிரல், அதில் ஒரு பகுதியை மீட்டுத் தருகிறது. பழைய தமிழ்க் கோப்புகளின் கதையும் இதுதான். யூனிகோடுக்கு முன் திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கத்தில் தட்டச்சிட்டதை இன்று திறந்தால் புரியாத குறிகள்தான் தெரியும். தமிழ் அழியவில்லை, குறியாக்கம்தான் வேறு. குறியாக்க மாற்றி மென்பொருள் மூலம் திரும்பப் பெறலாம், ஆகவே குப்பை என்று நினைத்து அழித்துவிடாதீர்கள்.

இறுதியாண்டு மாணவர்களே, மின்னஞ்சல் திறந்திருக்கும்போதே கணக்கில் உள்ளதை மொத்தமாக இறக்கித் தரும் கூகுள் டேக்அவுட் மூலம் எல்லாவற்றையும் இறக்குங்கள். இரண்டு வெளி வன்தட்டுகளில் வையுங்கள். ஒன்று உங்கள் அறையில், இன்னொன்று ஊரில் அம்மா வீட்டில். இரண்டையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு எல்ஆர்டி ரயிலில் அலையாதீர்கள். ஒலி, ஒளிக்கோப்புகளின் மூலத்தைப் புலனத்தில் அனுப்ப வேண்டியிருந்தால், ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் சுருக்கிவிடும்.

படைப்பு ஓடுவதை முழுமையாகப் படமெடுங்கள். பார்ப்பவர் எங்கே நின்றார், எப்போது குரல் வந்தது என்பதெல்லாம் அதில் தெரிய வேண்டும். எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, எந்த சென்சார், எந்த வயர் எந்தப் பின்னில் என்பதைத் தாளில் எழுதி வையுங்கள். ஆம், தாளில்தான். நான் மதிப்பெண் போடும்போது முதலில் தேடுவது அந்தத் தாளைத்தான். பல ஆண்டுகள் கழித்து யாராவது அதை மறுபடி கட்டியெழுப்ப வேண்டுமானால் அதுதான் கைகொடுக்கும்.

வீட்டில் தாத்தா, பாட்டி பேசிய கேசட் இருந்தால், தயவுசெய்து அதைத் தள்ளிப்போடாதீர்கள். நம் ஊர் ஈரத்தில் நாடாவில் பூஞ்சை பிடிக்கும். வெள்ளையாகத் தூள் தெரிந்தால் பிளேயரில் போட்டுப் பார்க்க வேண்டாம். நாடாவும் கெடும், பிளேயர் வழியாக அடுத்த கேசட்டுக்கும் பரவும். தனி உறையில் போட்டு, நாடா சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். சுத்தமாக இருப்பதை இந்த வாரமே வேவ் (WAV) ஒலிக்கோப்பாக மாற்றிவிடுங்கள்.