காசாவில் ஏது முனை?

"காசா முனையில் மீண்டும் தாக்குதல்." செய்தி வாசிப்பவர் சொல்கிறார், கீழே ஓடும் எழுத்தும் அதையே சொல்கிறது, மறுநாள் காலை நாளிதழிலும் அதே முனை. இந்த முனை எங்கிருந்து வந்தது?

முதலில் ஊர்ப் பெயரைப் பார்த்துவிடுவோம். அரபியில் அது கைன் என்ற எழுத்தில் தொடங்குகிறது. தொண்டையில் தண்ணீரை நிறுத்திக் கொப்பளிக்கும்போது எழுகிற ஒலி அது. தமிழில் அதற்கு எழுத்து இல்லை, ககரம்தான் பக்கத்தில் வரும். அந்தக் ககரம் குறில். அடுத்து வருகிற ஸகரம் இரட்டிக்கும். ஆக, கஸ்ஸா. ஹீப்ருவில் தொடக்க ஒலி தேய்ந்து அஸ்ஸா ஆனது. கிரேக்கர்கள் அதைக் ககர ஒலியோடு எழுதி வைத்தார்கள், அது ஐரோப்பிய மொழிகளுக்குப் போனது, அங்கிருந்து ஆங்கில எழுத்துக்கூட்டல் வழியாக நாம் நெடிலோடு 'காசா' என்று எடுத்துக்கொண்டோம்.

நமக்கு இந்த ஒலி புதிதும் இல்லை. இமாம் கஸ்ஸாலி என்று தமிழ் முஸ்லிம்கள் காலங்காலமாக எழுதி வருகிறார்கள். அந்தப் பெயரும் கைனில் தொடங்குவதுதான். சொல்லின் நடுவே அதே ஒலி வந்தால் ஆய்தம் போட்டு மஃரிப் தொழுகை என்கிறார்கள். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபின் (இஸ்லாமியச் சட்டப் பிரிவு) இமாம், 767இல் பிறந்தது இந்தக் கஸ்ஸாவில்தான் என்பார்கள். அந்த ஊர்களில் யாரையாவது கேட்டிருந்தால் உச்சரிப்பு ஒரு நிமிடத்தில் தீர்ந்திருக்கும்.

ஸகரம் கிரந்தம், வேண்டாம் என்பவர்கள் உண்டு. கஸ்ஸாவில் அதைச் சகரமாக்கினால் கச்சா ஆகிவிடும். கச்சா எண்ணெய்தான் நினைவுக்கு வரும். இரட்டிப்பை விட்டுவிட்டுக் காசா என்று எழுதினாலோ, தமிழ்க் கண் அதை 'காசா பணமா' என்றுதான் முதலில் படிக்கும். இத்தனை பேர் மடிந்த ஊரின் பெயரை அப்படிப் படிக்க நேர்வது எனக்குப் பொறுக்கவில்லை. தனித்தமிழ் மீது எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் ஊர்ப் பெயர் அந்த ஊர்க்காரர்களுடையது.

சரி, முனைக்கு வருவோம். நிலம் கடலுக்குள் நீட்டிக்கொண்டு நின்றால் அது முனை. கன்னியாகுமரி முனை, ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனை. கஸ்ஸாவின் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். வடகிழக்கிலிருந்து தென்மேற்காகக் கரை ஏறக்குறைய கோடு போட்டதுபோல் போகிறது. எங்கும் எதுவும் நீளவில்லை. 41 கிலோமீட்டர் நீளம், 6 முதல் 12 கிலோமீட்டர் அகலம், மொத்தம் 365 சதுர கிலோமீட்டர். அதில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள், ஐந்து மாவட்டங்கள், பல நகரங்கள். இதைப் போய் முனை என்றால், படிப்பவர் மனதில் கலங்கரை விளக்கம் நிற்கிற ஒரு பாறை மேடுதான் எழும். "காசா முனையின் தென்முனையில்" என்று எழுத வேண்டி வரும்போதாவது உறுத்த வேண்டாமா? போர்முனை என்று எழுதிப் பழகிய கைக்கு இதுவும் வந்துவிட்டது என்றே நினைக்கிறேன்.

இன்னொரு கூட்டம் 'காசாக்கரை' என்கிறது. மேற்குக் கரை இருக்கிறதே, அதைப் பார்த்துச் செய்தது. அங்கே கரை சரி. யோர்தான் ஆற்றின் மேற்குக் கரை அது, அரபியிலும் ஆற்றங்கரையைக் குறிக்கும் 'ளிஃப்பா' என்ற சொல்தான். கஸ்ஸாவுக்குக் கடற்கரை உண்டு, ஆனால் பெயரில் கரை இல்லை. இரண்டையும் கரை என்று சொல்லிவிட்டால், அடுத்தடுத்து இருக்கும் இரண்டு கரைகள் என்றே வாசகர் எடுத்துக்கொள்வார். நடுவில் இஸ்ரேல் கிடப்பதே தெரியாது.

பட்டை, கீற்று என்போர் ஆங்கிலத்தின் 'ஸ்ட்ரிப்' என்ற சொல்லைப் பார்த்து மொழிபெயர்க்கிறார்கள். கீற்று அழகான சொல். ஒடுங்கிய நிலத்துக்குப் பொருந்தவும் செய்கிறது. ஆனால் அந்த ஊர்க்காரர்கள் சொல்வது 'கித்தாஃ கஸ்ஸா'. கத்தஅ என்றால் வெட்டினான், பிரித்தான். கித்தாஃ என்றால் அப்படிப் பிரித்த பாகம். தனியார் துறை, அரசுத் துறை என்கிறோமே, அந்தத் துறைக்கும் அரபியில் இதே சொல்தான். ஒடுக்கம் அதில் இல்லை, பிரிவுதான் இருக்கிறது. வரலாறும் அதுவே. பிரிட்டிஷார் ஆண்டபோது கஸ்ஸா மாவட்டம் இதைவிடப் பெரியது. 1949 பிப்ரவரி 24 அன்று ரோட்ஸ் தீவில் எகிப்தும் இஸ்ரேலும் கையெழுத்திட்ட போர்நிறுத்தக் கோடுதான் அதில் இந்தத் துண்டை வெட்டியெடுத்தது. தமிழில் பகு என்றால் பிரி. பகுதி என்றால் பிரித்தது. கஸ்ஸாப் பகுதி! இதைவிட நேரான சொல் வேறு என்ன வேண்டும்? நகரத்தை மட்டும் சொல்லும்போது கஸ்ஸா நகரம் என்றால் குழப்பம் தீர்ந்தது.

மொழிபெயர்ப்பு மேசையில் இருப்பவர்களுக்கு நேர நெருக்கடி இருக்கும், புரிகிறது. ஆனால் இது நேற்று முளைத்த செய்தி இல்லையே. கஸ்ஸாப் பகுதியின் ஊர் ஒன்றைக் கான் யூனிஸ் என்று எழுதுகிறார்கள், கிரிக்கெட் வீரர் யூனிஸ் கானைத் திருப்பிப் போட்டதுபோல் இருக்கிறது. அந்தக் கான் பட்டப்பெயர் இல்லை, வழிப்போக்கர் தங்கும் சத்திரம். 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் யூனுஸ் என்ற மம்லூக் அமீர் (அன்று எகிப்தை ஆண்ட மம்லூக் அரசின் தளபதி) கட்டிய சத்திரத்தைச் சுற்றி வளர்ந்த ஊர். தெய்ர் அல் பலஹ் என்றால் பேரீச்சை மடம். பெயரை மொழிபெயர்க்கச் சொல்லவில்லை, ஒருமுறை அடைப்புக்குறிக்குள் பொருளைப் போட்டால் வாசகருக்கு ஊர் பிடிபடும். எகிப்து எல்லையில் இருக்கும் ஊரோ ரபா, ரஃபா, ராஃபா என்று ஒரே பக்கத்தில் மூன்று விதமாக வருகிறது. ரஃபஹ் என்று எழுதலாம். கடைசி ஹகரம் கடினமென்றால் ரஃபா போதும். ராஃபா மட்டும் வேண்டாம், அங்கே தொடக்கத்தில் நெடிலே கிடையாது.