காசு ஒரு கண்ணாடி

பினாங்கு லோரோங் குலிட் பழம்பொருள் சந்தையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை 1903-ஆம் ஆண்டு ஸ்ட்ரெய்ட்ஸ் டாலர் ஒன்று வாங்கினேன். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் ஒரே ஆட்சியின் கீழ் நீரிணைக் குடியேற்றங்களாக இருந்த காலத்துக் காசு. ஒரு பக்கம் ஏழாம் எட்வர்ட் மன்னரின் தலை, மறுபக்கம் சுருள்கொடி வேலைப்பாட்டுக்கு நடுவே சீன எழுத்தும் ஜாவியும், அதாவது அரபு எழுத்தில் எழுதிய மலாயும். 37 மில்லிமீட்டர் அகலம், 26.95 கிராம் எடை, நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி. நாம் இன்னும் ரிங்கிட்டை 'வெள்ளி' என்கிறோமே, அந்தப் பேச்சு இந்த மாதிரிக் காசு கையில் புரண்ட காலத்தின் மிச்சம்தான்.

வீட்டுக்கு வந்ததும் மேசையில் வைத்து, மேல்விளக்கைப் போட்டு, கைப்பேசியில் நாலைந்து படம் எடுத்தேன். கையில் பாற்கட்டி போல் மின்னிய காசு, படத்தில் அலுமினிய மூடி போல் வெளுத்துக் கிடந்தது. நடுவே ஒரு கருப்பு நிழல் வேறு. மறுவாரம் சந்தையில் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவரிடம் காட்டினேன். முப்பது வருடமாகக் காசு சேர்ப்பவர். பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, காசு உயிரோடதான் இருக்கு. போட்டோவுலதான் செத்துப்போச்சு."

நல்ல கேமரா வாங்கினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை. செத்த காசு இன்னும் துல்லியமாகச் செத்துக் கிடந்தது. அப்புறம்தான் புரிந்தது: கேமராவில் ஒன்றும் குறையில்லை, விளக்கு இருந்த இடம்தான் தப்பு.

ஒரு மாம்பழத்தையோ துணியையோ படம் எடுத்தால், அதன் மேல் விழும் ஒளி எல்லாத் திசையிலும் சிதறும். விளக்கு எங்கே இருந்தாலும் ஏதோ ஒரு அளவுக்கு நிறம் தெரியும். உலோகம் அப்படி இல்லை. அது கண்ணாடி மாதிரி: எந்தக் கோணத்தில் ஒளி வந்து விழுகிறதோ, அதே கோணத்தில் மறுபக்கம் திருப்பி அனுப்பும். ஆகவே நேர் மேலே இருந்து பார்க்கும் கேமராவுக்குக் காசின் சமதளப் பகுதி காட்டுவது காசை இல்லை, காசுக்கு நேர் மேலே என்ன இருக்கிறதோ அதை. என் படத்தில் வெளுப்பாகத் தெரிந்தது எங்கள் வீட்டு சிலிங். நடுவில் இருந்த கருப்பு நிழல், கைப்பேசியைப் பிடித்தபடி குனிந்து நின்ற நானேதான்.

சரி, விளக்கைப் பக்கவாட்டில் வைத்தால்? சமதளத்தில் விழும் ஒளி எதிர்ப்பக்கம் தெறித்துப் போய்விடும்; கேமராவுக்கு அது இருட்டு. ஆனால் மன்னரின் கன்னம், மூக்கு, தாடி எல்லாம் சரிவுகள். விளக்கைப் பார்த்துச் சாய்ந்திருக்கும் சரிவு மட்டும் ஒளியைப் பிடித்து மேலே அனுப்பும். இதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. விளக்கு செங்குத்திலிருந்து எத்தனை பாகை விலகி இருக்கிறதோ, அதில் பாதி சாய்ந்த சரிவுதான் மின்னும். 30 பாகை தள்ளி வைத்தால் 15 பாகைச் சரிவுகள், அதாவது கன்னம் போன்ற மென்மையான வளைவுகள் வெளிச்சம் பெறும். விளக்கை மேசையோடு மேசையாக, 70 பாகைக்குத் தாழ்த்தினால் 35 பாகை அளவுக்குச் செங்குத்தான சரிவுகள்தான் மின்னும்: எழுத்துகளின் ஓரம், விளிம்பு, அப்புறம் கீறல்களின் சுவர். தாழ்ந்த விளக்கில் நல்ல காசுகூட அடிபட்டது மாதிரித் தெரிவது இதனால்தான்.

இதைக் கோயிலில் எல்லோரும் பார்த்திருப்போம். கருவறையில் எண்ணெய் ஊறிய கருங்கல் மூர்த்தி. எட்ட நின்று பார்த்தால் கருமை மட்டும்தான். குருக்கள் கற்பூர ஆரத்தியைச் சுற்றும்போது முதலில் மூக்குத்தண்டு மினுங்கும், அப்புறம் உதடு, அப்புறம் கன்னம். சுடர் நகர நகர, அதற்கு ஏற்ற சரிவு எதுவோ அது பதில் சொல்கிறது. நம் கண் அந்த மினுங்கல்களைக் கோர்த்து ஒரு முகமாக்கிக்கொள்கிறது. கையில் காசைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கும்போதும் நடப்பது இதுவே. படத்துக்குத்தான் அந்த வசதி இல்லை. ஒரு சுடர், ஒரு கணம்.

அதனால்தான் இரண்டு விளக்கு. காசைக் கடிகார முகப்பாக நினைத்துக்கொண்டால், ஒன்று 10 மணி இருக்கும் பக்கம், மற்றது 2 மணிப் பக்கம். இரண்டும் காசுக்கு மேலே உயரத்தில், செங்குத்திலிருந்து 25, 30 பாகைக்குள். வன்பொருள் கடையில் கிடைக்கும் வளையும் கழுத்து எல்இடி மேசை விளக்கு போதும். ஏன் மேல்பக்கம், கீழ்ப்பக்கம் ஏன் கூடாது என்று கேட்டால், வெளிச்சம் மேலிருந்து வருவதாகவே நம் மூளை நம்பிப் பழகியிருக்கிறது. 6 மணிப் பக்கம் விளக்கு வைத்தால் மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் தெரியும். நிலாவின் பள்ளங்களைப் படத்தில் பார்க்கும்போது சில சமயம் கொப்புளமாகத் தோன்றுமே, அதே ஏமாற்று.

இது வெறும் வேடிக்கை இல்லை. 1903 டாலரில் பம்பாய் நாணயச்சாலையைக் குறிக்கும் 'பி' என்ற குட்டி எழுத்து, சில காசுகளில் குழிந்தும் சிலவற்றில் புடைத்தும் இருக்கும். சேகரிப்பவர்களுக்கு இரண்டும் வெவ்வேறு வகை. என்னுடையது குழிந்த வகை. ஆனால் நான் எடுத்த முதல் நல்ல படத்தில் அது புடைத்து நின்றது. விளக்கு என் வயிற்றுப் பக்கம் இருந்தது, அவ்வளவுதான்.

அடுத்தது பளபளப்பு. இந்த விஷயத்தில் தப்பு செய்யாதவர்கள் குறைவு. அச்சு ஓங்கி அழுத்தும்போது உலோகம் நடுவிலிருந்து விளிம்பு நோக்கிப் பிதுங்கி ஓடுகிறது. அந்த ஓட்டத்தின் தடமாகக் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஆரக்கோடுகள் பரப்பெங்கும் நிற்கும். புழங்காத காசை விளக்கடியில் சாய்த்தால் காற்றாடி இறக்கை மாதிரி ஒரு ஒளிப்பட்டை சுழலுமே, அது இந்தக் கோடுகளின் வேலை. நம்பாவிட்டால் அடுப்படியிலிருந்து எவர்சில்வர் தட்டை எடுத்து வாருங்கள். கடைந்த வட்டக்கோடுகள் உள்ள அதன் அடிப்பாகத்திலும் இதே மாதிரி விசிறி ஒன்று சுற்றும். தட்டில் கோடு வட்டமாகவும் காசில் ஆரமாகவும் ஓடுகிறது, தத்துவம் ஒன்றே.

இந்த விசிறி படத்தில் வர வேண்டுமானால் விளக்கு சிறியதாக இருக்க வேண்டும். விளக்குக்கு முன்னால் வெள்ளைத் துணி, காகிதக் கூடாரம் எல்லாம் கட்டி வெளிச்சத்தை மென்மையாக்கச் சொல்பவர்கள் நிறைய. நகைக்கு அது சரி. காசுக்கு அப்படிச் செய்தால், எல்லாச் சரிவுக்கும் எல்லாத் திசையிலிருந்தும் ஒளி கிடைத்துவிடும். எதுவும் மின்னாது, எதுவும் இருளாது. என்னைக் கேட்டால் ஒரே ஒரு ட்ரேசிங் தாள் போதும், அதுவும் விளக்கின் வாயோடு ஒட்டி. அப்புறம் கேமராத் திரையைப் பார்த்தபடி விளக்கை விரல்கடை விரல்கடையாக நகர்த்த வேண்டும். நான் ஒரு காசுக்கு இருபது நிமிடம் இதற்கே செலவழிக்கிறேன். வீட்டில் திட்டு விழுகிறது.

சில காசுகள் இதற்கும் மசியாது. காற்றில் கலந்திருக்கும் கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்ஃபைடு என்ற மெல்லிய படலத்தை உண்டாக்கும். படலத்தின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும் அடிப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும் ஒன்றோடொன்று மோதி, சில நிறங்கள் அணைந்து சில நிறங்கள் ஓங்கும். மழை பெய்த பிறகு பெட்ரோல் நிலையத் தரையில் எண்ணெய் வானவில் காட்டுவது போலத்தான். படலம் தடிக்கத் தடிக்க மஞ்சள், ஊதா, நீலம் என்று மாறும். இந்த நிறம் கண்ணாடித் திசையில் திரும்பும் ஒளியில்தான் இருக்கிறது. பக்கவாட்டு விளக்கில் அது கேமராவுக்கு வந்து சேராது. கையில் மயில்கழுத்து நிறம், படத்தில் கரிப்பிடித்த சட்டி.

அதற்கு விளக்கு கேமரா இருக்கும் இடத்திலேயே இருக்க வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் எப்படி? பழைய படச்சட்டம் ஒன்றைக் கழற்றிக் கண்ணாடியை எடுத்தேன். கெட்டிப்பால் டின் இரண்டுக்கு இடையே, காசுக்கும் லென்சுக்கும் நடுவில், 45 பாகை சாய்த்து நிறுத்தினேன். விளக்கு பக்கவாட்டில், கண்ணாடியைப் பார்த்தபடி. வரும் ஒளியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கண்ணாடியில் பட்டு நேர் கீழே காசின் மேல் விழும். காசு அதை நேர் மேலே திருப்பும்; அதில் பெரும்பகுதி கண்ணாடியைக் கடந்து லென்சுக்குப் போய்விடும். மீதி ஒன்பது பங்கு கண்ணாடியை ஊடுருவி நேராக எதிர்ப்பக்கம் ஓடிவிடுவதால் அங்கே ஒரு கருப்பு அட்டை. காசின் மேல் விளக்கு நேராகப் படாமலிருக்க இன்னொரு கருப்பு அட்டை. ஒளி பத்தில் ஒன்றாகக் குறைந்துவிட்டதால், ஷட்டர் பத்து மடங்கு நேரம் திறந்திருக்க வேண்டும். அதனால் டைமரில் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். வாசலில் லாரி போனால் படம் ஆடும்.

முதல் தடவை திரையில் பார்த்தபோது ஒரு நொடி குழம்பிவிட்டேன். எல்லாம் தலைகீழ். சமதளம் பளீரென்று வெளுத்திருக்க, மன்னரின் முகவரைகள் பேனாவால் வரைந்தது போலக் கருத்திருந்தன. விளிம்பை ஒட்டி அதுவரை நான் கண்டிராத ஒரு செம்மஞ்சள் வளையம்.

செப்புக் காசு வேறு வகைத் தலைவலி. செம்பு சிவப்பு ஒளியை நன்றாகத் திருப்பும், நீலத்தையும் பச்சையையும் ஓரளவு விழுங்கும். மலிவான எல்இடி விளக்குகளில் ஆழ்ந்த சிவப்பு குறைவு. அந்த வெளிச்சத்தில் 1967-ஆம் ஆண்டு மலேசிய ஒரு சென் நாணயம் சாணி நிறமாகிவிடும். ஒரு விளக்கு நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கு நூற்றுக்கு இத்தனை என்று போடும் அளவுதான் சிஆர்ஐ; பெட்டியில் அது 95 அல்லது அதற்கு மேல் என்று போட்டிருக்கும் விளக்கை வாங்குவது நல்லது. ஜன்னல் வெளிச்சமும் விளக்கும் கலக்கக் கூடாது: ஒன்றுக்கு ஏற்ப நிறத்தைத் திருத்தினால் மற்றது நீலமாகவோ மஞ்சளாகவோ அடிக்கும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் சில விளக்குகள் வினாடிக்கு 100 தடவை துடிக்கும். படத்தில் பட்டை பட்டையாக வந்தால் ஷட்டரை 1/100 அல்லது 1/50 வினாடியில் வையுங்கள்.

கேமராவைப் பற்றி இரண்டே விஷயம். முதலாவது மட்டம். காசு லென்சுக்கு இணையாக இல்லாமல் ஒரே ஒரு பாகை சாய்ந்திருந்தாலும் 37 மில்லிமீட்டர் காசின் இரு விளிம்புகளுக்கும் 0.65 மில்லிமீட்டர் உயர வித்தியாசம் வந்துவிடும். இவ்வளவு கிட்டத்தில் லென்ஸ் கூர்மையாகக் காட்டும் ஆழமே ஒரு மில்லிமீட்டருக்குள்தான். காசு வைக்கும் இடத்தில் ஒரு சின்ன முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்து, லென்ஸ் தன் பிம்பத்தைத் திரையின் நட்டநடுவில் பார்க்கும்வரை முக்காலியைத் திருகுங்கள். இதைவிட நல்ல மட்டக்கோல் கிடையாது.

இரண்டாவது, லென்சின் துவாரம். ஆழம் வேண்டுமென்று எஃப்/16, எஃப்/22 என்று சுருக்கிக்கொண்டே போகிறார்கள் (இந்த எண் கூடக் கூடத் துவாரம் சிறிதாகும்). ஒளி ஒரு அலை. சின்ன ஓட்டை வழியே நுழையும்போது விரிந்து பரவும். காசும் அதன் பிம்பமும் ஒரே அளவில் விழும் தூரத்தில் எஃப்/8 என்பது நடைமுறையில் எஃப்/16 ஆகிவிடுகிறது. அப்போது ஒரு புள்ளி ஒளி சென்சாரில் சுமார் 21 மைக்ரான் அகலத்துக்குப் பரவும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). பல கேமராக்களில் ஒரு பிக்சலின் அகலம் 4 முதல் 6 மைக்ரான்தான். எஃப்/5.6, எஃப்/8 தாண்ட வேண்டாம். கைப்பேசிக்காரர்கள் காசுக்குக் கிட்டே போகாமல், தள்ளி நின்று 2 அல்லது 3 மடங்கு லென்சில் எடுத்து ஓரத்தை வெட்டுங்கள். கிட்டே போனால் விளக்குக்கு இடம் இருக்காது, சிலிங்குக்குப் பதில் கைப்பேசிதான் காசில் தெரியும்.

இவ்வளவும் தெரிவதற்கு முன்னால் ஒரு தடவை ஏமாந்திருக்கிறேன். படத்தை மட்டும் பார்த்து இன்னொரு டாலரைத் தபாலில் வாங்கினேன். படம் பால்வெள்ளையாக, மெதுவெதுவென்று இருந்தது. ஒரு கீறல் இல்லை. வந்த காசைப் படச்சட்டக் கண்ணாடிக்கு அடியில் வைத்தேன். யாரோ புளியோ பாலிஷோ போட்டுத் தேய்த்த கோடுகள் ஒரே திசையில், வாரிய தலைமுடி மாதிரி. ஆரக்கோடுகள் போனவை போனவைதான், திரும்ப வராது. விற்றவர் காசைப் பற்றிப் பொய் ஒன்றும் எழுதவில்லை. மேகமூட்டமான நாளில் ஜன்னலோரம் வைத்து எடுத்திருக்கிறார், அவ்வளவே. மென்மையான வெளிச்சத்தில் எடுத்த படம் மட்டும் இருந்தால் இப்போதெல்லாம் நான் வாங்குவதில்லை. சாய்த்து ஒரு வீடியோ கேட்பேன்.

போன மாதம் அந்தப் பெரியவரிடம் புதுப் படங்களைக் காட்டினேன். பக்க விளக்கில் ஒன்று, கண்ணாடி வைத்து ஒன்று. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு விரலால் பெரிதாக்கினார். "பி உள்ள போயிருக்கு" என்றார். பிறகு கைப்பேசியைத் தலைகீழாகத் திருப்பினார். எழுத்து மெல்லப் புடைத்துக்கொண்டு வெளியே வந்தது. மறுபடி நேராக்கினார், உள்ளே போனது. இரண்டு மூன்று தடவை சின்னப் பிள்ளை மாதிரி அதையே செய்துகொண்டிருந்தார்.

"நல்லாத்தான் எடுத்திருக்கீங்க" என்றவர், கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கையை நீட்டினார். "காசக் கொண்டாந்தீங்களா?"