விப்லாஷ்: கழுத்துக்குச் சாட்டையடியா, சொடுக்கா?

சிக்னலில் கார் நிற்கிறது. பின்னால் வந்த வண்டி இடிக்கிறது. பெரிய வேகம் ஒன்றும் இல்லை. இறங்கிப் பார்த்தால் பம்பரில் ஒரு நசுங்கல், அவ்வளவுதான். மறுநாள் காலையில் வண்டியை ரிவர்ஸ் எடுக்கத் திரும்பினால் கழுத்து மரக்கட்டை மாதிரி நிற்கிறது. டாக்டர் சீட்டில் ‘விப்லாஷ்’ என்று எழுதுகிறார்.

இதைச் ‘சாட்டையடிக் காயம்’ என்று தமிழாக்கத்தான் முதலில் கை போகும். நானும் அப்படி எழுதியிருக்கிறேன். இப்போது எழுதுவதில்லை.

ஆங்கிலத்தில் விப் என்றால் சாட்டை. லாஷ் என்பதற்குச் சாட்டையின் வளைந்து கொடுக்கும் நுனிப்பகுதி என்றும் பொருள் உண்டு, சாட்டையால் விழும் அடி என்றும் பொருள் உண்டு. ‘சாட்டையடி’ இரண்டாவது பொருளைப் பிடித்துக்கொள்கிறது. தமிழில் சாட்டையடி, சவுக்கடி, கசையடி மூன்றுமே தண்டனைச் சொற்கள். அடிக்க ஒருவன் வேண்டும், வாங்க ஒரு முதுகு வேண்டும். போதாததற்கு, நீதிமன்றம் அரசைக் கண்டித்தாலே ‘சாட்டையடி’ என்று தலைப்புப் போடுகிறார்கள். விப்லாஷில் கழுத்தை எதுவும் அடிப்பதில்லை. கழுத்தே சாட்டையாகிறது.

இந்தச் சொல்லைக் கழுத்துக்குக் கொண்டுவந்தவர் ஹரோல்ட் குரோ என்ற அமெரிக்க எலும்பு மருத்துவர். 1928-இல் சான் பிரான்சிஸ்கோவில் நிகழ்த்திய உரை ஒன்றில் பயன்படுத்தினார். பிற்பாடு அவரே வருத்தப்பட்டார்: நான் சொன்னது ஓர் அசைவின் வர்ணனை, அதை மருத்துவர்களும் நோயாளிகளும் வக்கீல்களும் ஒரு நோயின் பெயராக்கிவிட்டார்கள் என்று 1964-இல் சொன்னார். சொல்லைத் தந்தவரே அசைவு என்று சொல்லியிருக்க, தமிழில் அதை அடியாக மாற்றுவது தவறுக்கு மேல் தவறு.

அந்த அசைவு எப்படிப்பட்டது? பின்னாலிருந்து இடிபட்டதும் சீட்டு முதுகை முன்னே தள்ளுகிறது. நாலரை, ஐந்து கிலோ எடையுள்ள தலை, நிலைமத்தால், இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. இரண்டுக்கும் நடுவே ஏழு முள்ளெலும்புகள். தலை பின்னுக்குச் சாய்ந்து கழுத்து வில்லாக வளைவதால்தான் காயம் என்று வெகுகாலம் நம்பினார்கள். யேல் பல்கலைக்கழகத்தில் மனோகர் பஞ்சாபியின் குழு, இறந்தவர்களின் கழுத்தெலும்புத் தொடரைச் சறுக்குவண்டியில் பொருத்திச் சோதித்து, 1997-இல் வேறொன்றைக் காட்டியது. இடித்த முதல் 50 முதல் 75 மில்லிநொடிக்குள், அடிக்கழுத்து பின்னுக்கு வளையும்போது மேல்கழுத்து முன்னுக்கு வளைகிறது. பக்கவாட்டில் பார்த்தால் ஆங்கில ‘எஸ்’ எழுத்து. வில் வளைவு அதற்கு அப்புறம்தான் வருகிறது. கழுத்துத் தசைகள் சுதாரித்து இறுகுவதற்குள் ‘எஸ்’ வந்து போய்விடுகிறது.

மாட்டுவண்டிக்காரர் சாட்டையை வீசும்போது கவனித்துப் பாருங்கள். மணிக்கட்டு கொஞ்சம்தான் அசைகிறது. அசைவு கயிற்றில் நெளிந்து ஓடி நுனியில் ‘சடக்’ என்று தெறிக்கிறது. மாட்டின் மேல் படவே வேண்டாம். இதற்குத் தமிழில் தனி வினையே இருக்கிறது: சாட்டையைச் சொடுக்கினார் என்போம். அடித்தார் என்றால் அது வேறு செயல். ஆகவே நான் எழுதுவது ‘கழுத்துச் சொடுக்குக் காயம்’. கணினி மவுஸுக்கும் சொடுக்கு உண்டே, முடிவெட்டும் கடையில் கழுத்துக்குச் சொடக்கு எடுக்கிறார்களே என்று கேட்கலாம். சரிதான்; ‘காயம்’ கூடவே வருவதால் குழப்பம் வராது. ‘கழுத்துச் சுளுக்கு’ பேச்சில் எளிது, ஆனால் தலையணை சரியில்லாமல் தூங்கினாலும் சுளுக்குத்தானே.

உயிருள்ளவரின் கழுத்தை உடையும்வரை சோதிக்க முடியாது. அதனால்தான் உடலில் விசைகள் செய்வதை ஆராயும் துறை, அதாவது பயோமெக்கானிக்ஸ், நான் ‘உயிர் விசையியல்’ என்று எழுதுவது, கணினிக்குப் போனது. எலும்பு, இடைத்தட்டு, தசைநார் ஒவ்வொன்றையும் பல்லாயிரம் சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டும் எவ்வளவு இழுபடுகிறது என்று கணக்கிடுகிறார்கள். ஆங்கிலத்தில் இது ‘ஃபைனைட் எலிமென்ட்’ முறை; பாடநூல் தமிழில் ‘முடிவுறு கூறு முறை’ எனலாம். டொயோட்டா 2000-இல் ‘தம்ஸ்’ என்ற முழு உடல் கணினி மாதிரியைக் கொண்டுவந்தது.

இங்கே ஒரு அநியாயத்தைச் சொல்லியாக வேண்டும். கழுத்துச் சொடுக்குக் காயம் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் ஏற்படுகிறது. அப்படியிருந்தும் கார் மோதல் சோதனையில் மனிதருக்குப் பதிலாக உட்கார வைக்கும் பொம்மைகளும் கணினி மாதிரிகளும் வெகுகாலம் சராசரி ஆணின் அளவிலேயே செய்யப்பட்டன. ஸ்வீடனில் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய ‘விவா’ மாதிரி, சுமார் 162 செ.மீ. உயரமும் 62 கிலோ எடையும் கொண்ட சராசரிப் பெண்ணின் உடல். அதை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம்.

இன்னொரு சொல்லும் பாக்கி இருக்கிறது. சீட்டுக்கு மேலே இருப்பதை ‘ஹெட்ரெஸ்ட்’ என்கிறோம், தலை சாய்க்கும் மெத்தை என்று நினைத்துக்கொள்கிறோம். அமெரிக்காவில் 1969 முதல் புதுக் கார்களில் அதைக் கட்டாயமாக்கிய விதியில் அதன் பெயர் ‘ஹெட் ரெஸ்ட்ரெயின்ட்’. தலையைத் தடுத்து நிறுத்துவது என்று பொருள். தமிழில் ‘தலைத்தடுப்பு’ என்றே சொல்லலாம். கழுத்துக்குக் கீழே இறக்கி வைத்தால் அது எதையும் தடுக்காது. அதன் மேல்விளிம்பு உச்சந்தலை மட்டத்துக்கு வர வேண்டும். பின்மண்டைக்கும் அதற்கும் இடைவெளி எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.